நீலத் தொப்பி, மஞ்சள் தொப்பி

எதிர் வரிசையில் மருந்துப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்த அளவு மூடி மாறியிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். அது பெரியவர்களின் இருமல் மருந்தோடு வைக்கிற மூடி. பெட்டியில் இருந்ததோ குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. அந்த மூடி நிறைய ஊற்றிக் கொடுத்தால் ஒரு கைக்குழந்தைக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர் குடிக்க வந்தவள் டம்ளரும் கையுமாக நின்றாள். போன மாதமாக இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டாள், அங்கிருந்தே கத்தியிருப்பாள். அந்த வரிசையின் தலைவி அவளுடைய அண்ணன் மனைவிதான். ஒரே வீட்டில் அண்ணி மாடியில், அவள் கீழே. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணி. அப்போதெல்லாம் பேக்கிங் ஹாலில் வரிசை என்பது வெறும் மேசைதான். இங்கே குவிந்துபோனால் அங்கிருந்து வருவார்கள். அங்கே ஒருத்திக்குத் தலைவலி என்றால் இங்கிருந்து ஒருத்தி போவாள். யார் யாருக்கு உதவினார்கள் என்று எவரும் மனதில் குறித்து வைக்கவில்லை.

பிறகு புது மேனேஜர் வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். "போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் வேகம் வரும்" என்றார். அவள் வரிசைக்கு நீலத் தொப்பி, அண்ணியின் வரிசைக்கு மஞ்சள். பெண்கள் அவருக்குப் 'பந்தயம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். லீவைப் பற்றிச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. ஜெயிப்பவர்களுக்குத் தருவேன் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் சம்பளத்தோடு ஒரு வாரம், இப்போதே கொடுத்தாயிற்று என்றார். மாதக் கடைசியில் பின்தங்குகிற வரிசையிடமிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

கிடைக்காத ஒன்று கிடைக்காமலே போனால் ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடும். கைக்கு வந்ததைப் பிடுங்கினால்? அன்று சாயங்காலமே அவள் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் மகளுக்குப் போன் செய்துவிட்டாள். "நிஜமாவாம்மா? ஒரு வாரம் முழுசா?" என்று அந்தப் பெண் அழுதே விட்டது. மாடியில் அண்ணி, படுத்த படுக்கையாகிவிட்ட தன் அப்பாவைப் பார்க்கப் போகப் பையைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டால் இருவரும் துணி காய்ந்ததா என்பதற்கு மேல் பேசுவதில்லை. "ரெண்டு பேர் வாய்லயும் பூட்டு போட்டாச்சா?" என்பது அண்ணனின் கேலி. போன வாரம் நீல வரிசையில் ஒருத்தி "தேதி தப்பு!" என்று கத்த, இல்லாத தப்பைத் தேடி மஞ்சள் வரிசை வெகுநேரம் நின்றது. அன்று நீலத் தொப்பிகள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இன்று கடைசி நாள். மஞ்சள் வரிசை ஒரு மயிரிழை முன்னால் இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு அவள் வரிசையின் மறுமுனைக்குப் போனாள். அங்கே அண்ணி பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பெல்ட்டை நிறுத்துங்க. உள்ள மூடி மாறிப் போகுது."

அண்ணியின் கைகள் ஓயவில்லை. "உன் இடத்துக்குப் போ."

"சத்தியமா அண்ணி. ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பாருங்களேன்."

"பிரிச்சா அது கணக்குல சேராது. நிறுத்தினா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதா?" அண்ணி நிமிர்ந்தாள். "அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச? உன்னைக் கூட்டிட்டு வந்தவ நான். எங்கிட்டயேவா?"

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் எட்டிச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள்.

மஞ்சள் பெல்ட் முனகி நின்றது. "அடிப்பாவி!" என்றாள் ஒருத்தி. யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். அதற்குள் அவள் ஒரு பெட்டியைக் கிழித்துக் கவிழ்த்துவிட்டாள். பெரிய மூடி மேசையில் உருண்டு அண்ணியின் கையருகே வந்து நின்றது. அண்ணி அதை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"எப்பலேர்ந்து?" என்றாள் மெதுவாக. ஒருவருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நல்லவேளை" என்றார். மனதாரத்தான் சொன்னார். "இன்னிக்குப் போட்டது எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பப் போடணும். அப்போ லீவு நீல வரிசைக்கு." அவளைப் பார்த்துக் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

எனக்கு வேண்டாம் சார் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. போனில் அழுத மகளின் குரல் காதில் ஒலித்தது. வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

மணி அடித்ததும் நீலத் தொப்பிகள் கழன்றன. மஞ்சள் வரிசைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"போ. பஸ் போயிடும்" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. வேறெதுவும் இல்லை.

அவள் போகவில்லை. பிரித்தெடுத்த பாட்டில்களைத் தட்டுகளில் நிறுத்தி, தட்டின் மேல் தட்டாக இருவரும் தங்களுக்கு நடுவிலேயே அடுக்கினார்கள். ஜன்னல் வெளிச்சம் இளஞ்சிவப்பு மருந்தின் வழியே இறங்கித் தரையில் பரவியது. அடுக்கு ஏற ஏற முதலில் அண்ணியின் வாய் மறைந்தது, பிறகு கண்கள். அட்டை கிழிபடும் சத்தம் மட்டும் அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.