மூன்றாவது பொத்தான்

1
ஒப்புக்கொள்கிறேன்: சட்டைக்குப் பொத்தான் கட்டத் தெரியாமல் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்ட ஒரு காலையில்தான் இந்தக் கதை பிறந்தது. சாவுக் கதைதான். ஆனால் இதில் வரும் தையல்காரி அக்கா அழவேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைக்கிறாள். எத்தனை தடவை திருத்தினாலும் அடங்கமாட்டேன் என்கிறாள்.

2
தொடக்கம்: 'வானம் இருண்டு கிடந்த அன்று...' (வெட்டியாயிற்று. அன்று நல்ல வெயில்.)

இன்னொன்று: அக்காவின் தம்பியை, ஓயாத வாய்க்காக ஊரே 'ரேடியோ' என்று கூப்பிடுபவனை, காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். நான்கு மணிக்குத் தகவல் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பாம். யாரும் தொடவே இல்லையாம்.

(அவன் கதவைத் தள்ளிக்கொண்டு, "அக்கா, பசிக்குது" என்று உள்ளே... மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்கிறான்.)

3
ஸ்டேஷன். மேசைமேல் தம்பியின் நீலச் சட்டை, துவைத்துத் தேய்த்து மடித்தபடி. பக்கத்தில் ஒரு தாள்: 'அணிந்திருந்த நிலையிலேயே பெற்றுக்கொண்டேன்.' கையெழுத்துப் போட்டால்தான் உடலைத் தருவார்களாம்.

அக்கா தைத்த சட்டை. பொத்தானின் நான்கு துளைகளிலும் அவள் நூலைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காகத்தான் கோப்பாள். மூன்றாவது பொத்தானில் மட்டும் நூல் இரண்டு நேர்கோடாக ஓடியது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். (முறைக்காதீர்கள். தையல்காரிக்கே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! ரேடியோ இருந்திருந்தால் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்திருப்பான்.)

இன்ஸ்பெக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"நான் கட்டின பட்டன் தானா பிய்யாது சார்," என்றாள் அக்கா. "யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கீங்க. அப்புறம் உக்காந்து தெச்சிருக்கீங்க."

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதை வீட்டில் போய்ச் சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

4
முடிவு ஒன்று: குற்றவாளிகள் அன்று மாலையே... (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: அவள் பேசாமல் கையெழுத்துப் போட்டு... (அக்கா என்னை முறைத்தாள்.)

நடந்தது இதுதான். கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே ஒரு வரியும் எழுதினாள்: 'மூன்றாவது பொத்தான் என் கைவேலை இல்லை.' அந்த வரியை எடுத்துவிட்டால் ரேடியோ இன்றே வீட்டுக்கு வரலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் எப்போது என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

இந்தக் கதையில் எத்தனையோ வரிகளைக் கூசாமல் வெட்டினேன். இதற்கு மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. பேனாவைப் பிடியுங்கள். அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.