சின்னக்கருப்பை ரயில் வைத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரே வரியாகத்தான் கிடைத்தது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒருவர், ரயில் தன்னை வைகிறது என்று தண்டவாளத்தில் அம்மிக்கல்லை வைத்தாராம். சொன்னவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. பெயர்களும் மற்றதும் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சிவந்த கண்களோடு சின்னக்கருப்பு...'

அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சோளக்காட்டை ஒழுங்காக உழுதவர். மனைவி பஞ்சம்மாளிடம் ஒரு நாளும் கை ஓங்காதவர்.

2

போடிக்கு ரயில் லைன் போட்ட மறு வருடம் ஆரம்பித்தது. காட்டை ஒட்டி ரயில் ஊதிக்கொண்டு போனால் ஏரை நிறுத்திவிடுவார்.

"கேட்டியா பஞ்சம்மா? என்னையச் சோம்பேறிங்குது."

"எனக்கு ஊதுறதுதான் கேக்குது."

அவரும் பதிலுக்கு இரண்டு வசவு வைதுவிட்டு உழவைப் பார்ப்பார். இப்படி மூன்று வருடம்.

(இந்த மூன்று வருடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். குற்றம் நடக்காத வருடங்களை யாரும் கதையாக எழுதுவதில்லை.)

3

பலசரக்குக் கடை ராஜமணி விளையாட்டாகத்தான் சொன்னான்: "நெசந்தான் மாமா, நானும் கேட்டேன். அத்தையவுமில்ல சேத்து வையுது."

மறுநாள் மிளகாய் அரைக்கப் போன பஞ்சம்மாள், அம்மி இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தாள். ஓடினாள். தண்டவாளத்தின் மேல் கல், பக்கத்தில் புருஷன். அவளால் தனியாளாய் அதை நகர்த்த முடியவில்லை. வளைவில் புகை தெரிந்தது. முந்தானையை வீசிக்கொண்டு எஞ்சினை நோக்கியே ஓடினாள்.

டிரைவர் நத்தர்ஷா அவளுக்கு இரண்டு கை நீளம் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார். சின்னக்கருப்பு அவரிடம் நியாயம் கேட்டார்: "என்னைய வைஞ்சாப் பொறுத்துக்கிருவேன். இவளை வையலாமா?"

4

பெரியகுளம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "உன் புருஷன் பைத்தியமா?"

"புத்தி பேதலிச்சது நெசந்தான் சாமி. ஆனா மூணு வருசமா அதை வச்சுக்கிட்டு ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் செய்யல. கல்லைத் தூக்க வச்சது ராஜமணி வாக்கு."

வாக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. ராஜமணி வீட்டுக்குப் போனான். சின்னக்கருப்பைச் சென்னைப் பட்டணத்து மனநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம், பஞ்சம்மாள் பொறுப்பில் ஊர் திரும்பினார்.

5

இங்கே ஓர் அழகான காட்சி எழுதினேன். நத்தர்ஷா மன்னிப்புக் கேட்பதுபோல் மெதுவாக ஊத, சின்னக்கருப்பு நெகிழ்ந்து...

கிழித்துவிட்டேன். அப்படி ஊதினால் அவரும் இன்னொரு ராஜமணிதானே.

நடந்தது இதுதான். ரயில் ஊதியது. சின்னக்கருப்பு தலை நிமிர்ந்தார். "எனக்குக் கேக்கல. கஞ்சி ஆறுது, வாங்க" என்றாள் பஞ்சம்மாள். வந்து உட்கார்ந்தார். நத்தர்ஷா வண்டியிலிருந்து கையசைத்தார். இவரும் அசைத்தார். வருடக்கணக்காக இப்படியே போயிற்று. அவள் நிம்மதியாக இருந்தாள்.

6

யுத்தம் வந்தது. அதற்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வெறும் மேட்டில் இருவரும் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இப்பவும் கேக்குதா?" என்று முதன்முறையாக அவளே கேட்டாள்.

குணமாகிவிட்டது என்று ஒரு முடிவு எழுதினேன். இன்னும் கேட்கிறது என்று ஒன்று. இரண்டும் என்னுடைய ஆசையாகத்தான் இருந்தன.

அவர் ஏதோ சொன்னார். பஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சிரிக்கும்படி இருந்தால் போதும்.