சுண்டுவிரல் நுழையாத ஓட்டை

லாரி மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கயிறுகளுக்கும் பலகைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த வெண்டலின் ஹாப் தன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் நீ என்னவெல்லாம் செய்தாய் என்று அந்தக் கையிடமே கேட்டான். புனலை வைத்தேன், ஆயிலை ஊற்றினேன், புனலை எடுத்தேன், அட்டையை வாங்கினேன் என்றது கை. அதற்கப்புறம் சங்கிலியில் தொங்கிய ஆயில் டாங்கின் மூடியைத் திருகியதாக அதற்கு நினைவில்லை.

அந்தத் தபால் அட்டை அவன் மனைவி மெக்டில்டிடமிருந்து வந்தது. குண்டு விழுந்த ஊர்களிலிருந்து பத்தே வார்த்தைகள் எழுதி அனுப்பலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அவன் ஊரான காசெல் நகரம் குண்டுவீச்சில் எரிந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. பன்னிரண்டு நாளும் அவன் விமானத்து ஏணியில் ஏறினான், இறங்கினான், சூப் குடித்தான், எதுவும் நாக்கில் ஒட்டவில்லை. இன்றைக்குக் காலையில் ஒருவன் ஓடிவந்து அட்டையைக் கையில் திணித்தான். "நானும் கெர்லின்டும் உயிரோடு இருக்கிறோம். வீடு இல்லை." பத்து வார்த்தைக்கு அனுமதி இருந்தும் மெக்டில்ட் மிச்சம் பிடித்திருந்தாள், அவள் குணம் அது. அவன் ஏணியில் நின்றபடியே அழுதான். அழுதுகொண்டிருக்கும்போதே அபாயச் சங்கு ஊதியது, கேப்டன் ரென்னெர்ட் ஓடிவந்து அவன் பராமரித்த அந்த விமானத்தில் ஏறினார், இன்ஜின் உறுமியது. முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. கேப்டன் உயிரோடு இருக்கிறார். விமானம் ஒரு கோஸ் தோட்டத்தில் வயிறு உரசி இறங்கிவிட்டது.

எதனால் இறங்கியது என்று போனில் யாரும் சொல்லவில்லை. வெண்டலினுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடாத டாங்கிலிருந்து காற்று ஆயிலை உறிஞ்சி முன் கண்ணாடியில் அடிக்கும், அப்புறம் இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடும். பக்கத்து ஸ்குவாட்ரனில் ஒரு மெக்கானிக் இறக்கைக்குள் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டான். மறதி என்று யாரும் எழுதவில்லை, நாசவேலை என்று எழுதினார்கள். இரண்டு ராணுவ போலீஸ்காரர்கள் வந்து கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் அவன் கம்பளி ஸ்டோருக்குத் திரும்பிவந்தது, அவன் வரவில்லை. பன்னிரண்டு நாள் மனைவியும் மகளும் இருக்கிறார்களா என்று வெண்டலின் தவித்தான். இருக்கிறார்கள் என்று தெரிந்த அதே நாளில் தான் இல்லாமல் போகப்போகிறோமே என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது.

தோட்டம் பனியில் வெளுத்துக் கிடந்தது. விமானம் நூறு மீட்டர் நீளத்துக்குச் சுருட்டைக் கோஸை உழுதுவிட்டு மூக்கைச் சற்றே தூக்கிப் படுத்திருந்தது. வயிறு சேற்றில் பாதி புதைந்திருந்தது. வால் சுக்கானில் அவன் கையால் தீட்டிய எழுபத்தொரு வெள்ளைக் கோடுகள் மட்டும் அழுக்குப் படாமல் இருந்தன. ஒரு கோட்டுக்கு ஒரு விமானம். ஆங்கிலக் கால்வாய்க் கரையில் முதல் ஸ்குவாட்ரனில் இருந்தபோது பதினாலு, ரஷ்யாவில் இரண்டாவது ஸ்குவாட்ரனில் நாற்பத்தாறு, இங்கே வடகடல் பக்கம் வந்தபிறகு பதினொன்று. கடைசிப் பதினொன்றும் பெரிய குண்டு விமானங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். முன்பெல்லாம் தூரிகையை எடுக்கும்போது வெண்டலின் சீட்டியடிப்பான். இப்போது அடிப்பதில்லை.

எழுபத்தொரு கோட்டைவிடக் கேப்டனுக்குப் பெருமை வேறொன்றில்தான். நாலு வருஷத்தில் அவர் விமானத்தில் எதிரியின் ஒரு குண்டுகூடப் பட்டதில்லை. 'கீறல் படாத ரென்னெர்ட்' என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். அந்தத் தாளைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டுவார். இருபத்தாறு வயது, மூன்று ஸ்குவாட்ரன், கழுத்தில் பதக்கம். இருந்தாலும் யாராவது "இன்னும் கீறல் படலையா கேப்டன்?" என்று கேட்டுவிட்டால் முகம் பள்ளிக்கூடப் பையனாகிவிடும்.

தோட்டக்காரி வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், டோம்மா என்று பெயர் சொன்னாள்.

"உங்க ஆபீசரை டாக்டர் காருல கூட்டிட்டுப் போயிட்டாரு. நெத்தியில சின்ன வெட்டு, அவ்வளவுதான். என் கோசுக்குத்தான் டாக்டர் யாரும் வரல."

"மன்னிச்சுக்கங்க அக்கா."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு. மொதல்ல மூக்குப் பக்கம் போய் எதையோ பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் எதையோ திருகி மூடினாரு. அப்புறம் துப்பாக்கிய எடுத்து வண்டிய ஒரு சுடு சுட்டாரு தம்பி. தலையில அடிபட்டதுல பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். என்கிட்ட வந்து, 'கோசுக்கு மன்னிக்கணும்மா'ன்னு நிதானமா சொல்றாரு."

நடந்தானா ஓடினானா என்று வெண்டலினுக்கே தெரியவில்லை, மூக்குப் பக்கம் போய் நின்றான். சிறு கதவைத் திறந்தான். மூடி மூடியிருந்தது. மெக்கானிக் எவனும் அப்படி மூடமாட்டான். விரல் நுனியால் திருகி நிறுத்த வேண்டியதை, இரண்டு கையாலும் முறுக்கி, மறை கெடும் அளவுக்கு இறுக்கியிருந்தது. அதற்கு ஒரு சாண் பின்னால், மூக்குத் தகட்டில் ஒரு ஓட்டை. கீழே டாங்கிலும் ஓட்டை, அதிலிருந்து மிச்சமிருந்த ஆயில் ஒழுகி இறங்கியிருந்தது.

தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கேப்டனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வானத்தில் கண்ணாடி கறுத்தபோதே தெரிந்திருக்கும். யாருடைய கை மறந்தது என்றும் தெரியும். தெரிந்துகொண்டு, எதிரிக் குண்டு பட்டதாகவே இருக்கட்டும் என்று, நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெருமையைத் தன் கையாலேயே சுட்டுவிட்டுப் போயிருக்கிறார். தனக்காக இப்படி ஒரு காரியத்தைப் பெற்ற அப்பாகூடச் செய்ததில்லை என்று வெண்டலினுக்குத் தோன்றியது, அது உண்மைதான்.

நன்றியில் நனைந்துகொண்டிருக்க நேரமில்லை. அந்த ஓட்டையில் ஒரு கோளாறு இருந்தது. அமெரிக்கக் குண்டு விமானத்தின் துப்பாக்கி போடும் ஓட்டையில் கட்டைவிரல் நுழையும். எத்தனையோ விமானங்களின் ஓட்டைகளை அடைத்த ஆள் அவன், பார்த்தாலே தெரியும். இதில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. போதாததற்குச் சுற்றிலும் வெடிமருந்தின் புகை வளையமாகப் படிந்திருந்தது. வானத்திலிருந்து வந்த குண்டு புகையைக் கூடவே கொண்டுவராது. கேப்டனுக்குச் சுடத் தெரியும், சுட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

விபத்தை ஆராயும் பொறியாளர் கூல்ப்ராட் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தார். லாரி டிரைவர் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விட்டான். வெண்டலின் பையிலிருந்து உருண்டை அரத்தை எடுத்தான். தகட்டைத் தேய்த்தான், டாங்கைத் தேய்த்தான். கட்டைவிரலை விட்டு விட்டுப் பார்த்தான். ஓரம் வழவழப்பாக இருக்கக்கூடாதென்று குறட்டால் உள்பக்கமாக மடித்துக் கிழித்தான். பளபளத்த விளிம்பில் சேற்றையும் ஆயிலையும் பூசினான். பெட்ரோல் துணியால் புகையைத் துடைத்தான். மூடியைச் சுற்றியிருந்த ஆயில் தாரையைத் துடைத்து, ஓட்டையிலிருந்து கண்ணாடிவரை புதிதாக ஒரு தாரையை விரலால் இழுத்துவிட்டான். இடுக்கில் நசுங்கிக் கிடந்த சின்னக் குண்டை எடுத்துச் சேற்றில் போட்டுப் பூட்ஸ் காலால் மிதித்தான். இத்தனையையும் டோம்மா வரப்பில் உட்கார்ந்து, தப்பிய கோஸ்களைக் கூடையில் பொறுக்கியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். 

கூல்ப்ராட் வந்தார். ஒல்லியான மனிதர், கையுறையைக் கழற்றாமலே ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டார். விரல் போயிற்று.

"குண்டு வெளிய வந்த ஓட்டை எங்கே?"

"கீழ போயிருக்கும் சார். வயிறு பூரா சேத்துல இருக்கு."

"ஹூம். கீறல் படாத ரென்னெர்ட்." அவர் உதட்டோரம் கொஞ்சம் சிரித்தது. மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். திருகப் பார்த்தார், அசையவில்லை. "நல்லாத்தான் மூடியிருக்க" என்றார். வெண்டலினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திரும்பிப் போகிறவர் வரப்பருகில் நின்றார்.

"ஏம்மா, விமானம் இறங்கினபோது இங்கதான் இருந்தீங்களா?"

"இல்லாம? என் தோட்டம்."

"இறங்கினதுக்கு அப்புறம் ஏதாவது சத்தம், வெடிச்ச மாதிரி? பக்கத்துப் பண்ணையில ஒருத்தர் சொன்னாரு, ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சுன்னு."

டோம்மா ஒரு கோஸை எடுத்து மண்ணைத் தட்டினாள். வெண்டலினைப் பார்த்தாள். கறுப்பு மேலங்கியும் ஆயில் கையுமாக நின்ற அவன் முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ.

"வானம் பூரா வெடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. அதுல ஒண்ணை மட்டும் தனியா எடுத்து எப்படிச் சொல்றது? இந்தக் கோசுக்கு யாரு பதில் சொல்லுவாங்க, அதை எழுதிக்கங்க மொதல்ல."

கூல்ப்ராட் எழுதிக்கொண்டார், கோஸை அல்ல. கார் போகும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு வெண்டலின் அவளருகே போனான்.

"எனக்கும் ஒருத்தன் ரஷ்யாவுல இருக்கான். டாங்கிப் படையில மெக்கானிக்" என்றாள் அவள். "அங்கயும் யாராவது இருப்பாங்கன்னு நெனச்சுக்கறேன்." கூடையில் பாதியை அவன் பையில் கொட்டினாள்.

மாலையில் மருத்துவ அறைக்குப் போனான். கேப்டன் நெற்றிக் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த இரண்டு ஆபீசர்கள் அப்போதுதான் பட்ட கீறலைச் சொல்லி அவரைக் கேலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள், அவர் காதுகள் இன்னும் சிவந்திருந்தன. வெண்டலின் கதவைச் சாத்தினான்.

"கேப்டன், அந்த ஓட்டை..."

"ஏன், நல்ல ஓட்டைதானே?"

"கொஞ்சம் சின்னதா இருந்துச்சு. இப்ப சரியா இருக்கு."

கேப்டன் அவனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது, புரிந்ததும் கட்டு அவிழும் அளவுக்குச் சிரித்தார். "அட, அது தோணவே இல்லையே. எழுபத்தோரு விமானத்தைச் சுட்டவனுக்கு ஒரு ஓட்டை ஒழுங்கா போடத் தெரியல."

"நான்தான் மூடல கேப்டன். அட்டை வந்துச்சு. படிச்சுக்கிட்டே..."

"சொன்னாங்க. ரெண்டு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நானூத்திப் பன்னெண்டு தடவை மேல போயிருக்கேன், வெண்டலின். இன்னிக்கு அந்தம்மா தோட்டத்துல நின்னு எண்ணிப் பாத்தேன். நானூத்திப் பதினோரு தடவை நீ மூடியிருக்க. எனக்கு ஒரு கீறலும் படலன்னு பத்திரிகைக்காரன்கிட்ட சொன்னப்ப உன் பேர நான் சொல்லல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆறு நாள் லீவு எழுதி வெச்சிருக்கேன். காசெலுக்குப் போயிட்டு வா. இதப் பத்தி இனிமே பேசக்கூடாது."

"நன்றி கேப்டன்" என்றான் வெண்டலின். அதற்குமேல் பெரிய வார்த்தை அவனிடம் இருக்கவில்லை, இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பான். வெளியே வந்தபோதுதான், தான் சுடாத ஒரு குண்டுக்காகக் கூல்ப்ராட்டின் அறிக்கையில் ஏறிவிட்ட அந்த அமெரிக்கத் துப்பாக்கிக்காரனை நினைத்தான். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான், கையால் கோடு தீட்டுகிற தான் இப்படி நினைக்கலாமா என்று தெரியாமலே நினைத்தான்.

ஆறு நாள் கழித்து அவன் திரும்பியபோது கேப்டனை இன்னொரு ஸ்குவாட்ரனுக்கு மாற்றியிருந்தார்கள். நாலாவது. தன் மெக்கானிக்கும் கூட வரவேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். புது விமானத்துக்கு இன்னும் கோடுகள் தீட்டவில்லை, தீட்டச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. வெயில் வந்த முதல் நாள் காலையில் சங்கு ஊதியது. கேப்டன் ஏறி உட்கார்ந்தார். வெண்டலின் வார்களை இறுக்கிவிட்டு இறக்கையில் முன்னால் நகர்ந்து சிறு கதவைத் திறந்தான்.

"கேப்டன், மூடியை நீங்களே ஒரு தடவை பாத்துருங்க. உங்க கண்ணு முன்னாடியே திருகறேன்."

மறையில் மூடி இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை உட்கார்ந்தது. திருகி, கதவைத் தட்டிச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கேப்டன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, வெயில் முகத்தில் விழ, கண்களை மூடிக்கொண்டிருந்தார்.