விஷம் இறங்கும் மாத்திரை

மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு வாயடக்கம் வேண்டும். இருபத்திரண்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றும் எனக்கு அது வரவில்லை.

என் தங்கையின் கணவர் பஸ் டிரைவர். நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதுவார். காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. புகையை விட்டு இரண்டு மாதம் ஆனால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை கடைக்கு வந்து அழுதாள். நான் சாதாரண சத்து மாத்திரைகளைப் அட்டையிலிருந்து பிரித்து, பெயரில்லாத டப்பாவில் போட்டு, புகையை மறக்கடிக்கும் புது மருந்து என்று மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு, வெந்நீரில், ஒன்றே ஒன்று. சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனால் விஷம் இறங்குகிறது என்று அர்த்தம் என்றும் அடித்துவிட்டேன். அந்த மாத்திரை போட்டால் யாருக்கும் அப்படித்தான் போகும்.

மனுஷன் அப்படியே நம்பினார். தினமும் ஆறேகாலுக்குப் போன் செய்து நிறத்தை ஒப்பித்தார். முப்பத்தாறு நாள் சிகரெட்டைக் கையால் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. நடுவில் மொட்டை மாடிக்குப் போய் ஒன்று இழுத்துவிட்டு வந்தேன். ஆமாம், நானும் பிடிப்பவன்தான். மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார். தன் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, நீங்களும் போடுங்கள், மனசு வைத்தால் முடியும் என்றார். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவர் எனக்குப் புத்தி சொல்வதா?

"அது வெறும் சத்து மாத்திரை மாப்பிள்ளை. சின்னப் பிள்ளைக்குக்கூட குடுப்பாங்க."

அதோடு விட்டேனா? மஞ்சள் கதையையும் அவிழ்த்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கை என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தாள். டிப்போ வாசலில் அவர் புகைத்துக்கொண்டு நின்றதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. வெட்கத்தில் நான் அந்தத் தெருப் பக்கமே தலை காட்டவில்லை.

அடுத்த வாரம் அவரே காலை இழுத்து இழுத்துக் கடைக்கு வந்தார். எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் காலி டப்பாவைக் கவுண்டரில் வைத்து அதே மாத்திரையைக் கேட்டார். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுமா என்று இழுத்தேன்.

"தெரியும் மச்சான். ஆனா ஆறு மணிக்கு கை சிகரெட்டைத் தேடறப்போ வாயில எதையாவது போட்டாகணும். முப்பத்தாறு நாள் இதைத்தானே போட்டேன்."

டப்பாவை நிரப்பி நீட்டினேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க மட்டும் சிரிக்காம இருங்க."