வலக்கண்ணுக்கு வளைந்த கதவு

ஒரு கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் செய்யச் சொல்லியிருந்த படுக்கையறைச் சாமான்கள் வியாழக்கிழமை வண்டியேற வேண்டும். எகிப்தின் தும்யாத் நகரத்துத் தச்சர் கமீஸ், வழக்கம்போல் இடக்கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக் கதவின் ஓரத்தை நோட்டம் பார்த்தார். நடுவில் லேசாகப் புடைத்த வளைவு தெரிந்தது. இழைத்துவிட்டுப் பார்த்தார்; வளைவு அப்படியே இருந்தது. மரத்தின்மேல் பழி போடாத தச்சன் எந்த ஊரில் இருக்கிறான்? அவரும் மரத்தைத் திட்டிக்கொண்டே மேலும் இழைத்தார்.

அந்த நேரம் பார்த்து மரத்தூள் பறந்து வலக்கண்ணில் விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே இடக்கண்ணால் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவின் ஓரம் நடுவில் பள்ளமாகக் கிடந்தது. நேராக இருந்த மரத்தை அவரே கெடுத்திருக்கிறார். ஜன்னல் கம்பி, சுவரின் மூலை என்று ஒவ்வொன்றையும் கண் மாற்றிக் கண் மூடிப் பார்த்தார். வலக்கண்ணுக்கு எல்லாமே நெளிந்தன. வேலை பார்க்கிற கண் போனால் பிழைப்பே போச்சு என்று இழைப்புளியைப் போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கண் மருத்துவர் மனால், கண்ணின் அடுக்குகளை ஒளியாலேயே படம் பிடிக்கும் ஸ்கேன் எடுத்தார். கத்தி படாமல் குறுக்கே அறுத்துக் காட்டியிருந்த அந்தப் படத்தைக் கண்டதும் கமீஸ் பயத்தை மறந்து திரையோடு ஒட்டிக்கொண்டார். விழித்திரை ஓரிடத்தில் மேடாக எழும்பியிருந்தது; அடியில் நீர். அதற்கும் கீழே, ரத்தக்குழாய்கள் ஓடும் அடுக்கு உப்பிக் கிடந்தது.

"பலகை மேல ஒட்டுற வெனீர் தகட்டுக்கு அடியில ஈரம் கோத்த மாதிரி இருக்கே டாக்டரம்மா."

"அதேதான் மேஸ்திரி. ஈரம் எதனாலன்னுதான் தேடுறேன். ஸ்டீராய்டு ஊசி ஏதாச்சும் போடுறீங்களா?"

இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார் கமீஸ். கூட வந்திருந்த மனைவி நஜிய்யாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"முதுகு வலிச்சா மருந்துக்கடை வஜீஹ்கிட்ட போய்க் கலவை ஊசி குத்திக்கிறீங்களே, அது என்னவாம்? சளி பிடிச்சாலும் அதேதான்."

"அது மருந்தா? ஊரே போட்டுக்குது."

மனால் சிரிக்கவில்லை. அந்தக் கலவையில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும் என்றார். சிலருக்கு அது கண்ணின் அடியடுக்கை இப்படி வீங்க வைக்கும். நிறுத்தினால் நீர் தானாக வற்றக்கூடும். மறுபடி போட்டுக்கொண்டால் பார்வைக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

கதவைப் புதிதாகச் செய்துதர அவகாசம் கேட்டு, மாப்பிள்ளையின் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் கமீஸ். வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடை. ஊசிக்காகச் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு சிலர் நின்றிருந்தார்கள். வஜீஹ் இவரைப் பார்த்ததும் முதுகுக்குத்தானே என்று கேட்டபடி ஊசியை எடுத்தார்.

"வேணாம்பா. இத்தனை வருஷமா வலி போறதைத்தான் பார்த்தேன், மருந்து எங்க போய் இறங்குதுன்னு பார்க்கல. இன்னிக்கு என் கண்ணுக்கு அடியில பார்த்துட்டு வரேன். என்ன மருந்துன்னு தெரியாம, டாக்டர் சொல்லாம, ஒரு ஊசியும் உடம்புல ஏத்தக்கூடாது."

வரிசையில் முன்னால் நின்றவர் சுருட்டிய கையை மெல்ல இறக்கிவிட்டார்.

"ஆமா வஜீஹ், அதுல என்னதான் கலக்குறே?"