தோட்டத்தில் அடித்த மேளம்

மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். அக்குறணையில் வாப்பா எங்களுக்கு விட்டுப்போன மிளகுத் தோட்டத்தின் நடுவே நின்று ஒருவன் மேளம் அடித்தான். காணியை அளக்க வந்த சர்வேயரின் ஆள் பக்கத்தில் நின்று ஊரே கேட்கக் கத்தினான். காணியைப் பங்கு பிரிக்க வழக்காம். வழக்காளி முகம்மது றிஸ்வி. எதிராளிகள் நூர் ஜஹான், நுஸ்ரத்.

றிஸ்வி என் நானா, என்னோடு பிறந்தவன். நூர் ஜஹான் எங்களைப் பெற்ற உம்மா. நுஸ்ரத் நான்!

நேற்று மத்தியானம் என் கையால் புரியாணி தின்றவன் அவன். மதிலுக்கு மேலால் அயல்வீட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. போனை எடுத்தேன்.

"பெத்த உம்மா ஒனக்கு எதிராளியா நானா?"

"கத்தாத நுஸ்ரத். பங்கு பிரிக்கிற வழக்குக்குச் சண்டை தேவையில்ல. பங்குக்காரர்ல ஒருத்தர் வழக்காளி, மத்த எல்லாரும் எதிராளி. கோட்டுல அப்படித்தான்."

"அப்ப ஒன்ட பேர எதிராளியாப் போட்டிருக்கலாமே?"

வெட்கம் கெட்டவன்! போனை வைத்துவிட்டுத் திரும்பினால், உம்மா கதவில் சாய்ந்து நிற்கிறார்.

"அவன ஏசாத. நான் மௌத்தாகினா நீங்க அடிச்சிக்குவீங்கண்டு நான்தான் வழக்குப் போடச் சொன்னேன். லோயர் என்னைத்தான் வழக்காளியாப் போடப் பார்த்தார்."

"போட்டிருக்கலாமே உம்மா?"

"எதிராளிண்டு பெத்த புள்ளைகள்ட பேர நான் குடுக்கவா?"