பாசிக் குப்பியில் மஞ்சள்

நயினார்கோவில் பால்சாமிக்கு மகள் நாகலெட்சுமியின் ஆராய்ச்சியில் துளியும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். மண்டபம் கடற்கரையில் அவள் அள்ளிவந்த பாசியில் உலகம் அறியாத பொருள் ஏதாவது இருந்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் வருகிற தையில் கல்யாணம். ஆர்.எஸ்.மங்கலத்தில் மாப்பிள்ளையும் தயார்.

பாசியிலிருந்து பிரித்தெடுத்த சாரம், சுண்டுவிரல் அளவுக் குப்பியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் அதை அவளுடைய பேராசிரியர் ஹமீது சுல்தான் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தது.

"அங்கன போயி என்னத்தா செய்வாக?"

"மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு மெஷினுய்யா. இதை ஆவியாக்கி, ஒடைச்சு, ஒவ்வொரு துண்டா எடை பாக்கும். அதை வச்சு இன்ன பொருள்னு சொல்லிருவாக."

"கண்ணுக்கே தெரியாததை எந்தத் தராசுல வைப்பாக?"

"தராசு இல்லய்யா, காந்தம். ஓடுற துண்டைக் காந்தம் திருப்பும். லேசானது சட்டுனு திரும்பும். கனமானது மூட்டை ஏத்துன சைக்கிளு மாதிரி லேசுல திரும்பாது."

பால்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். மகள் குளிக்கப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. விதைநெல்லானாலும் புது மண்வெட்டியானாலும் அந்த வீட்டில் மஞ்சள் வைக்காமல் எதுவும் வாசல் தாண்டியதில்லை. குப்பிக்கு வெளியே வைத்தால் இவள் துடைத்துவிடுவாள். மனிதர் மூடியைத் திறந்து உள்ளேயே ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, நல்லபிள்ளையாக வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, நாகலெட்சுமி அழுத முகத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

"மஞ்சள்னு வந்திருச்சுய்யா! துண்டுக எடையெல்லாம் மஞ்சளுக்குத்தான் பொருந்துதாம். 'கொழம்புக் கரண்டியாலயா கிண்டுன?'னு சார் கேக்குறாரு. போதும், நீங்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடுங்க."

பால்சாமி வாயை மூடிக்கொண்டிருந்தால் தையில் கெட்டிமேளம். அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை. கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது. அதுதான் அவரைப் போட்டு உலுக்கியது. ஒருத்தருக்கும் தெரியாத சங்கதியை எங்கேயோ கிடக்கிற இரும்புப் பெட்டி கண்டுபிடித்துவிட்டதே!

"அது சரியாத்தேன் சொல்லியிருக்கு. போட்டது நாந்தேன்."

நாகலெட்சுமிக்கு அழுகை நின்று ஆத்திரம் பொங்கியது.

"என் படிப்பைக் கெடுக்கத்தானே போட்டீக?"

"கெடுக்கவா?" கிழவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ செயிக்கணும்னு போட்டேன் தாயி."

அதற்கு மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பு. ஒங்க சாருகிட்ட நானே வந்து சொல்றேன். பெறகு புதுசாப் பாசி அள்ளுவோம்."

"அப்ப, தை மாசம்?"

"அது வருசா வருசம் வரும்த்தா, நீ நட."